கணக்கைக் காட்டிப் பேசிய ஏடு

தாய்மொழியில் ஏடு நடத்துவது எந்நாட்டவர்க்கும் இயல்பு. ஆங்கிலம் அறிந்தோர் மிகச் சிலராகவே இருந்த ஜப்பானில், அந்நாட்டவரே ஓர் ஆங்கில வணிக ஏட்டைத் தொடங்கியதுதான் வியப்புக்குரியது. 1934ஆம் ஆண்டு மே மாதம் தோக்கியோ நகரில் 'ஓரியண்டல் எக்கனாமிஸ்ட்' என்னும் திங்களிதழ் பிறந்தது. அது நாடிய வாசகர் உள்நாட்டார் அல்லர். கடல் கடந்த நாடுகளின் வணிகரும் வங்கியாளரும் அரசியலாருமே ஆவர்.

இவ்வேட்டுக்குத் தாயிதழ் ஒன்று உண்டு. இலண்டன் 'எக்கனாமிஸ்ட்' போன்றதொரு பொருளியல் ஏடு தம் நாட்டுக்கும் வேண்டுமென விழைந்த மச்சிடா சூஜி என்பார், 1895இல் ஜப்பானிய மொழியில் 'தோயோ கெய்சாய்' ஏட்டைத் தொடங்கினார். 1911இல் அங்குப் பணிக்கு வந்தவர் இஷிபாஷி தன்சான். அவர் புத்த குருமார் ஒருவரின் மகன். பல்கலைக்கழகத்தில் கற்றது மெய்யியல். பொருளியலை, வேலையில் அமர்ந்த பின்னரே நூல்களைக் கொண்டு தாமே பயின்றார்.

1921இல் அவர் எழுதிய தலையங்கம் துணிவு மிக்கது. கொரியா, தைவான் முதலிய நிலங்களை ஜப்பான் விட்டுவிட வேண்டும் என்றார். அறத்தை மட்டும் பேசியிருந்தால் எள்ளி நகையாடியிருப்பர். அவரோ கணக்கைக் காட்டினார். 1920இல் கொரியா, தைவான், குவாந்துங் ஆகிய மூன்றுடனும் சேர்த்து ஜப்பான் செய்த வணிகம் 90 கோடி யென்னுக்குச் சற்று மேல். அமெரிக்காவுடன் மட்டும் 143 கோடியே 80 இலட்சம். இந்தியாவுடன் 58 கோடியே 70 இலட்சம். அடக்கி ஆண்ட நிலங்கள் மூன்றும் ஒருங்கே தந்ததைவிட, ஆளாத ஒரு நாடு தந்தது மிகுதி! இவ்வெண்களை மறுத்துரைப்பது எளிதன்று. எனினும், படைத் தலைவர்கள் எண்களுக்குச் செவிசாய்க்கவில்லை.

1931இல் ஜப்பானியப் படை மஞ்சூரியாவில் புகுந்தது. 1933இல் ஜப்பான் உலக நாடுகள் சங்கத்தினின்று விலகுவதாக அறிவித்தது. அதே காலத்தில் அந்நாட்டு மலிவுத் துணி ஆசியச் சந்தைகளை நிரப்பிற்று. லங்காஷயர் ஆலைகள் கலங்கின. 1933இல் இந்தியாவில் பிரிட்டிஷ் அல்லாத பருத்தித் துணிக்கு நூற்றுக்கு 75 வரி விதிக்கப்பட்டது. 1934 மே மாதம், அதாவது ஏடு பிறந்த அதே திங்களில், பிரிட்டன் தன் குடியேற்ற நாடுகளில் ஜப்பானியத் துணிக்கு அளவு வரம்பு கட்டப்போவதாக அறிவித்தது. மலாயாவும் அவ்வரம்புக்குத் தப்பவில்லை. இத்தகைய வேளையில், ஜப்பானின் பொருளாதார நிலையைப் பிறநாட்டார் தமக்குத் தெரிந்த மொழியிலேயே படித்தறியட்டும் என்பதே இஷிபாஷியின் நோக்கம்.

போரை அது தடுக்கவில்லை. போர்க்காலத்தில் ஏடு தணிக்கைக்கும் காகிதப் பங்கீட்டுக்கும் அடங்கியே நடந்தது. அரசை எதிர்த்து முழங்கியது என்பது மிகையாகும். இஷிபாஷியின் மகன் ஒருவர் 1944இல் பசிபிக் போர்முனையில் மாண்டார்.

போருக்குப் பின் 1946இல் இஷிபாஷி நிதியமைச்சரானார். மறு ஆண்டே அமெரிக்கப் படையாட்சியினர் அவரைப் பொதுப் பதவிகளினின்று விலக்கினர். அவர் நடத்திய ஏடு ஆதிக்கப் போருக்குத் துணைநின்றது என்பது குற்றச்சாட்டு. 1921இல் அத்தலையங்கத்தை எழுதியவர் மீதா இப்பழி! ஆங்கில ஏட்டைப் படித்துப் பார்க்க அவ்வதிகாரிகளுக்கு மொழிபெயர்ப்பாளர் கூடத் தேவையில்லை. இஷிபாஷி எழுதிய மறுப்புரை ஏற்கப்படவில்லை. 1951இல்தான் தடை நீங்கிற்று.

1956 டிசம்பரில் அவரே பிரதமரானார். அடுத்த மாதமே நோயுற்றார். முன்பு, 1930 நவம்பரில் சுடப்பட்ட பிரதமர் ஹமாகுச்சி, நாடாளுமன்றத்துக்கு வர இயலாத நிலையிலும் பதவியில் நீடித்ததைத் தம் ஏட்டில் கண்டித்தவர் இஷிபாஷி. அவ்வெழுத்தை மறவாதவராய், பதவியேற்ற 65 நாளில், 1957 பிப்ரவரியில் விலகினார்.

1973இல் அவர் மறைந்த பின்னரும் ஆங்கில ஏடு வெளிவந்தது. 1986இல் 'தோக்கியோ பிசினஸ் டுடே' எனப் பெயர் மாறியது. ஜப்பானிய மொழித் தாயிதழ் இன்றும் வாரந்தோறும் வெளிவருகின்றது.