கிளியர் லேக் நினைவு இசைவிழா

அமெரிக்க நாட்டின் அயோவா மாநிலத்தில் கிளியர் லேக் என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. அவ்வூரின் சர்ஃப் நடன மண்டபத்தில் 1979 தொடங்கிப் பிப்ரவரி மாதத்தையொட்டி நினைவு இசைவிழா நடந்து வருகின்றது. ராக் அண்டு ரோல் இசையின் முன்னோடிகளான பட்டி ஹாலி, ரிச்சி வாலன்ஸ், ஜே. பி. ரிச்சர்ட்சன் ஆகிய மூவர்க்காக எடுக்கும் விழா அது. 1959 பிப்ரவரி 2 அன்று இரவு அவர்கள் இறுதியாகப் பாடியது அம்மண்டபத்திலேதான். அப்போது அவர்களுக்கு வயது முறையே 22, 17, 28.

கறுப்பின மக்களின் தாள இசையும் வெள்ளையரின் கிராமிய இசையும் கலந்து பிறந்த அவ்விசையை வெறுங் கூச்சல் என்று ஒதுக்கிய பெரியோரும் உண்டு. அவ்வழக்கில் தீர்ப்புக் கூற நாம் புகவில்லை. ரயில்வே அலுவலகத்தில் கால அட்டவணையோடு நாளைக் கழிக்கும் நம் கண்ணில் முதலிற் பட்டது அவர்களுடைய பயணத் திட்டமே. 24 நாளில் 24 ஊர்! ஜனவரி 30 அன்று அயோவாவின் ஃபோர்ட் டாட்ஜில் பாடியவர்களை வடக்கே டுலூத்துக்கு இழுத்தனர். அங்கிருந்து கிழக்கே கிரீன் பே. பிறகு மீண்டும் அயோவாவுக்கே! அடுத்த ஊராகிய மூர்ஹெட் 350 மைலுக்கும் அப்பால். சரக்கு வண்டியைக்கூட எவரும் இங்ஙனம் அலைக்கழிக்கமாட்டார். கடுங்குளிரில் பேருந்தின் வெப்பக் கருவியும் பழுதாயிற்று. தாளக்காரர் கார்ல் பன்ச், பாதங்கள் உறைபனியால் தாக்குண்டு மருத்துவமனை சேர்ந்தார்.

இதனாலேயே ஹாலி சிறு விமானம் ஒன்றை வாடகைக்கு அமர்த்தினார். ஆளுக்கு 36 டாலர். காய்ச்சலுற்ற ரிச்சர்ட்சனுக்கு வேலன் ஜென்னிங்ஸ் தம் இடத்தை விட்டுக்கொடுத்தார். டாமி ஆல்சப்பின் இடத்தை வாலன்ஸ் நாணயம் சுண்டி வென்றார். நள்ளிரவுக்குப் பின் எழுந்த விமானம் சில நிமிடங்களில் வயலொன்றில் வீழ்ந்தது. நால்வரும் மாண்டனர். அன்று மாலையே மூர்ஹெட் நிகழ்ச்சி நடந்தது. 15 வயதுச் சிறுவன் பாபி வீ பாடி இடத்தை நிரப்பினான்.

நால்வர் என்றோம். நான்காமவர் விமானி ரோஜர் பீட்டர்சன், வயது 21. கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதி பெறாத அவர் புறப்பட்டது பிழையென விசாரணை முடிவு செய்தது. வானிலை விவரம் அவருக்கு முறையாக உரைக்கப்படவில்லை என்பதையும் அதே அறிக்கை கூறுகின்றது. பாடகர் மூவர்க்கு எஃகாலான கித்தாரும் இசைத்தட்டுகளும் 1988-இல் அவ்வயலில் நிறுவப்பெற்றன. விமானிக்கு நினைவுச்சின்னம் அமைந்ததோ 2009-இல். ஊதியத்துக்கு வண்டியோட்டியவனை உலகம் நினைக்க ஐம்பது ஆண்டு சென்றது. இது நமக்கு ஒப்பவில்லை.

விழாவுக்கு வருவோர் பலர் இன்று அவ்வயலுக்கும் செல்கின்றனர். பாதையோரத்தில் ஹாலியின் கறுப்பு மூக்குக்கண்ணாடி பேருருவில் நின்று வழிகாட்டுகின்றது.