சுழிகளைச் சுமக்காத கணக்கு

புளியந்தோப்பை அடுத்த பேசின் பாலத்து மின் நிலையம் ஒரு காலத்தில் சென்னை நகருக்கென்றே இயங்கியது. 1947 வரை அது மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்னும் தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தது. நீலகிரியில் பைக்காரா 1932இலும், மேட்டூர் 1937இலும் மின்சாரம் தரத் தொடங்கின. பின்னாளில் எல்லாம் ஒரே வலையாகப் பிணைந்தன. ஒரு கம்பி அறுந்தால் எவ்விடம் இருளும் என்பதை அதன்பின் கணக்கிட்டே அறிய வேண்டியதாயிற்று.

அக்கணக்கின் கருவி மேட்ரிக்ஸ். தமிழில் 'அணி' என்பர். (அணியிலக்கணம் நடத்தும் நமக்கு முதலில் நினைவுக்கு வந்தது உவமைதான்!) ஆயிரம் துணைமின் நிலையங்களுக்கு ஆயிரம் நிரை, ஆயிரம் நிரல், ஆகப் பத்து லட்சம் கட்டங்கள். ஒரு நிலையம் சராசரியாக மூன்று நிலையங்களோடு இணைந்திருப்பதாகக் கொள்வோம். அதன் சொந்தக் கட்டத்தையும் சேர்த்தால் 4,000 கட்டங்களில் மட்டுமே எண் இருக்கும். எஞ்சிய 9,96,000 கட்டங்களும் சுழி. இதுவே 'ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸ்', அதாவது ஐதான அணி. பின்னாளில், 1990இல், பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹாரி மார்கோவிட்ஸ் இத்தகைய அணிகளைக் கையாளும் முறையொன்றை 1957லேயே வெளியிட்டிருந்தார்.

எண்ணையும் அது நிற்கும் இடத்தையும் மட்டும் குறித்துக்கொண்டு சுழிகளை விட்டுவிடுவது எளிது. இடர் தீர்வு காணும்போதுதான் எழுகிறது. நிலையங்களை ஒவ்வொன்றாகக் கணக்கிலிருந்து நீக்கிச் செல்கையில், நீங்கியதன் அண்டை நிலையங்கள் தமக்குள் பிணைகின்றன; சுழி இருந்த இடத்தில் எண் முளைக்கிறது. ஒரு நடு நிலையத்தோடு ஐந்து கடை நிலையங்கள் இணைந்துள்ளன என்க. நடுவை முதலில் நீக்கினால் பத்துப் புதுப் பிணைப்புகள் தோன்றும். கடை நிலையங்களை முதலில் நீக்கினாலோ ஒன்றும் தோன்றாது. அண்டை குறைந்ததை முதலில் நீக்குக என்னும் இந்நெறியை, அமெரிக்காவின் பானவில் மின் நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் டின்னி, ஜான் வாக்கர் ஆகியோர் 1967இல் மின்வலைக் கணக்குக்கு வகுத்துத் தந்தனர். நினைவகம் மிகச் சிறிதாயிருந்த அந்நாளைய கணினிகளில் பெரிய வலைகளைக் கணக்கிட முடிந்தது இவ்வகைச் சிக்கனத்தால்தான்.

2012 ஜூலை 30, 31 நாட்களில் வட இந்திய மின்வலை சரிந்தபோது தென்னகம் தப்பியது. நேர்மின்னோட்டப் பாதைகள் வழியாக மட்டுமே நாம் வடக்கோடு இணைந்திருந்தோம். (நமக்கு அன்றாட மின்வெட்டு இருந்தது வேறு கதை.) 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை நம்மை நாட்டு வலையோடு ஒரே அதிர்வெண்ணில் இணைத்தது. அன்று தொட்டு, புளியந்தோப்பின் விளக்கும் தில்லியின் விளக்கும் ஒரே அணிக்குள் நிற்கின்றன. இரண்டுக்கும் இடையே எண்ணற்ற சுழிகள்.