மணிமங்கலத்துக்கு ஒரு செப்பேடு, கொடைக்கானலுக்கு?

எங்க ஊர் மணிமங்கலத்துல முதலாம் நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடிச்சான்னு நமக்கு எப்படித் தெரியும்? கூரம் செப்பேட்டில் போர்க்களங்களின் பெயர்கள் வரிசையா இருக்கு, அதில் மணிமங்கலமும் ஒண்ணு. ஏழாம் நூற்றாண்டுச் சண்டை. எழுதி வெச்சதால நின்னுச்சு.

இன்னைக்கு அதே ஊர்ல விடிகாலையில கம்பெனி பஸ்சுக்குக் கூட்டம் நிக்குது. பக்கத்துத் தெருத் தம்பி ஒருத்தன் ஒரகடம் பக்கம் ஒரு ஆலையில பாகங்கள் கழுவுற பிரிவுல இருக்கான். "அது என்ன கெமிக்கல்டா?"ன்னு கேட்டேன். "கேன்ல நம்பர்தாண்ணே போட்டிருக்கும்" என்றான். அந்தப் பதில்தான் என்னைக் கொடைக்கானல் கதைக்குள்ள இழுத்துட்டுப் போச்சு.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் ஓடிக்கொண்டிருந்த தெர்மாமீட்டர் ஆலையை, செஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனம் 1983ல் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தது. பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில், பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடந்தது வெளியே தெரிந்தது. ஆலைக்குப் பின்னால் பாம்பார் சோலை. ஊர் திரண்டது, அந்த வருஷமே ஆலை மூடப்பட்டது. 2003ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது.

மண்ணை அளக்கலாம், கழிவை எடை போடலாம். உடம்பை?

பாதரசத் துளியை விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே போயிடும். ஆபத்து அதோட ஆவி. சாதாரண அறை வெப்பத்திலேயே கிளம்பும், நிறமில்லை, வாசனையில்லை. சுவாசிப்பதில் சுமார் 80 சதவீதத்தை நுரையீரல் உறிஞ்சிக்கும். அங்கிருந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். வருஷக்கணக்கில் சுவாசித்தவருக்குக் கை நடுங்கும், ஈறு வீங்கும், மறதி, காரணமில்லாத கோபம், தூக்கமின்மை வரும். வேலை உடுப்போடு வீட்டுக்குப் போனால் பாதரசமும் கூடவே போகும்.

இதுல ஒரு கணக்கு இருக்கு. உடம்பில் சேர்ந்த பாதரசம் ஏறக்குறைய 2 மாசத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். வேலையை விட்டு ஒரு வருஷம் ஆனால் 64ல் ஒரு பங்குதான் மிச்சம். அதுக்கப்புறம் சிறுநீரைச் சோதித்தால் 'நார்மல்'னுதான் வரும். ஆனா நரம்பிலும் சிறுநீரகத்திலும் ஏற்பட்ட சேதம் அதே வேகத்தில் சரியாவதில்லை. சாட்சி கிளம்பிடும், காயம் தங்கிடும். அதனால வேலை செஞ்ச காலத்திலேயே எழுதி வெச்ச அளவுகள்தான் உண்மையான ஆவணம். அதை எழுதுவதும் வைத்திருப்பதும் யார்? ஆலைதான்.

முன்னாள் தொழிலாளர்கள் 2006ல் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனாங்க. யாருக்கும் பாதரசத்தால் பாதிப்பில்லைன்னு நிறுவனம் சொல்லிக்கொண்டே இருந்தது. 2011ல் மத்திய தொழிலாளர் அமைச்சகம் தந்த அறிக்கை, பாதிப்புக்கு ஆதாரம் இருக்குன்னு சொன்னது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடனும் அவர்கள் குடும்பங்களுடனும் சமரசம் ஏற்பட்டது. பணம் மனிதாபிமான அடிப்படையில் என்றது நிறுவனம். ஆலை மூடி 15 வருஷம் ஆகியிருந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. போபாலுக்குப் பிறகு, 1987ல், தொழிற்சாலைகள் சட்டத்தில் 41-சி பிரிவைச் சேர்த்தாங்க. நச்சுப்பொருளோடு வேலை செய்பவரின் உடல்நலப் பதிவேட்டை ஆலை சரியாகப் பராமரிக்கணும், தொழிலாளி அதைப் பார்க்கவும் வழி இருக்கணும் என்றது அது. கொடைக்கானல் ஆலை மூடியபோது அந்தப் பிரிவுக்கு 14 வயசு.

போன வாரம் தம்பியிடம் ரெண்டு விஷயம் சொன்னேன். கேன்ல இருக்கிற அந்த நம்பரை எழுதிட்டு வா. வருஷாவருஷம் எடுக்கிற மெடிக்கல் செக்கப் ரிப்போர்ட்டை ஒரு காப்பி கேட்டு வாங்கி வீட்டுல வை. "எதுக்குண்ணே, நான் நல்லாத்தானே இருக்கேன்?" என்றான்.

நல்லா இருக்கும்போது எடுத்த ரிப்போர்ட்தாண்டா, பின்னாடி உன் செப்பேடு.