கொச்சிக் கரையோர இயற்பெயர்களும் பெயரன் மரபும்

முன்னுரை

கொச்சித் துறைமுக வாயிலிலிருந்து வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் தீவு வைப்பின். 1341-ஆம் ஆண்டுப் பெரியாற்று வெள்ளம் கொணர்ந்து வைத்த மண்ணே இத்தீவாயிற்று என்பர். அவ்வாண்டை முதலாகக் கொண்ட ‘புதுவைப்பு’ ஆண்டுக் கணக்கும் முன்பு வழங்கியது. இத்தீவிலும் எதிர்க்கரையிலுள்ள மட்டாஞ்சேரியிலும் எபிரேயம், சிரியம், போர்த்துகீசியம் ஆகிய மொழிகளின் வழிவந்த இயற்பெயர்கள் பல வழங்குகின்றன. வேற்றுமொழிப் பெயர்கள் இம்மண்ணிற்கு உரியனவாக மாறிய முறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செப்பேடுகள் காட்டும் பெயர்கள்

மட்டாஞ்சேரி யூதர் போற்றிக் காத்த செப்பேடு சேர மன்னன் பாசுகர இரவி காலத்தது, ஏறத்தாழ கி.பி. 1000-ஐச் சார்ந்தது. அது வட்டெழுத்தில் அமைந்து, 72 உரிமைகளை ஈசுப்பு இரப்பான் என்பானுக்கு வழங்குகிறது. யோசேப்பு என்னும் எபிரேயப் பெயரே ஈற்றில் உகரம் பெற்று ‘ஈசுப்பு’ ஆயிற்று.

இதற்கும் முற்பட்டது, தெற்கே கொல்லத்தைச் சார்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேடு (கி.பி. 849). அதில் சபீர் ஈசோ என்னும் வணிகர் தலைவர் குறிக்கப்படுகிறார். ‘ஈசோ’ என்பது இயேசுவின் பெயரது சிரிய வடிவமாகும். கீழைத் திருச்சபையினர் அதனைத் தயக்கமின்றி மக்கட்பெயராக இட்டு வழங்கினர்.

விலக்கப்பட்ட பெயர்

1599-இல் கோவாப் பேராயர் மெனேசிசு கொச்சிக்கு அண்மையிலுள்ள உதயம்பேரூரில் கூட்டிய திருச்சபைப் பேரவை, கேரளத்துத் தோமாக் கிறித்தவரின் வழக்கங்கள் பலவற்றைத் திருத்த முற்பட்டது. ‘ஈசோ’ என்னும் திருப்பெயரை எவருக்கும் இடலாகாது என்பதும் அதன் ஆணைகளுள் ஒன்று. செப்பேட்டில் பெருமையுடன் பொறிக்கப்பெற்ற பெயர் ஏழரை நூற்றாண்டுகளுக்குப் பின்னர்க் குற்றமாயிற்று.

எனினும் பிற சிரியப் பெயர்கள் அழியவில்லை. கீவர்கீசு என்பது வர்கீசு, வர்க்கி எனவும், யாக்கோபு என்பது சாக்கோ எனவும், யோகன்னான் என்பது உலகன்னான் எனவும் திரிந்து நிலைபெற்றன. மரியம், ஏலி முதலியன அம்மை, குட்டி ஆகிய திராவிடச் சொற்களைப் பின்னொட்டாக ஏற்று மரியாம்மை, ஏலிக்குட்டி என வழங்கின.

வைப்பினின் இலத்தீன் கிறித்தவர் வரலாறு வேறு. தீவின் வடகோடியில் பள்ளிப்புரம் கோட்டையைப் போர்த்துகீசியர் எழுப்பிய 16-ஆம் நூற்றாண்டில் இக்கரையில் திருமுழுக்குப் பெற்றோர் பலர் போர்த்துகீசியக் குடிப்பெயர்களை ஏற்றனர். முத்துக்குளித்துறைப் பரதவரிடையேயும் 1530-களில் இதுவே நிகழ்ந்தது. ஆகவே பெயரின் ஒலியை மட்டும் கொண்டு ஒருவரது குருதிவழியைத் துணிவது பிழையாகும். பெயர் வந்த வழி வேறு. அதனைத் தாங்கிய மக்கள் வந்த வழி வேறு.

பெயரன் மரபு

தோமாக் கிறித்தவரிடையே மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரும் இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயரும் இடப்படும். பெண்மக்களுக்குப் பாட்டியர் பெயர்கள் இவ்வாறே அமையும். ஒரு குடும்பத்தின் மக்கட்பெயர்களை வரிசையாகக் கேட்ட அளவிலேயே அக்குடும்பத்தின் இருவழி உறவும் புலப்படும்.

இம்முறை தமிழருக்குப் புதிதன்று. ‘பேரன்’ என்னும் சொல் ‘பெயரன்’ என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். மகனைத் தன் தந்தையின் பெயரனாகச் சுட்டும் வழக்கு சங்க அகப்பாடல்களிலும் உண்டு. சோழ வேந்தர் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறிமாறிப் புனைந்ததும் இம்மரபோடு ஒப்பு நோக்கத்தக்கது.

பாட்டன் பெயரிடுதல் கிரேக்கரிடத்தும் செபராது யூதரிடத்தும் காணப்படுவதால், இதனைத் திராவிடருக்கே உரியதெனக் கொள்ளுதல் பொருந்தாது. பிறநாட்டுப் பெயர்கள் வேரூன்றுவதற்கேற்ற இடம் இங்கு முன்னரே இருந்தது என்று கொள்வதே தகும். அதனாலேயே பெயரொன்று விலக்கப்பட்ட பின்னரும் பெயரிடும் முறை குலையவில்லை.

முடிவுரை

ஒரு பெயரை ஆணையால் விலக்க இயன்றது. பெயரிடும் முறையை விலக்க இயலவில்லை. ஆனால் இன்று அம்முறை எவர் ஆணையும் இன்றியே தளர்கின்றது. பெற்றோர் பெயர்களின் எழுத்துகளை இணைத்துப் படைத்த புதுப்பெயர்கள் பள்ளியிலும் அலுவலகத்திலும் வழங்க, பாட்டன் பெயர் பல குடும்பங்களில் திருமுழுக்குப் பதிவேட்டளவில் ஒடுங்கிவிட்டது. தமிழகத்திலும் ‘பேரன்’ என்னும் சொல் நிற்கப் பெயர் நீங்கி வருகிறது. ஆகவே கொச்சிக் கரையின் பழைய திருமுழுக்குப் பதிவேடுகளைத் தமிழகக் கரையோரப் பங்குகளின் பதிவேடுகளோடு தலைமுறை வாரியாக ஒப்பிட்டு ஆராய்தல் உடனடித் தேவையாகும். முறையை அறிந்த முதியோர் உள்ளபோதே அப்பணி தொடங்கப்பெறுதல் வேண்டும்.