வாவியின் ஒலியும் வரைபின் மொழியும்

இயற்கை நிகழ்ச்சி ஒன்றைக் கண்டவரோ கேட்டவரோ அதனைப் பிறருக்கு உணர்த்துவதற்கு மூன்று வழிகள் உள. உவமையாற் கூறலாம், எண்ணால் அளந்து கூறலாம், கோட்டால் வரைந்து காட்டலாம். இம்மூன்றனுள் இறுதியானதே விஞ்ஞான வரைபு எனப்படுவது. இன்று அவ்வரைபு கையாலன்றிக் கணினிக்கு எழுத்திற் பிறப்பிக்கும் கட்டளைகளாற் பெரிதும் வரையப்படுகின்றது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதனாற் கல்வியுலகம் பெற்றது யாது என்பனவற்றை, மட்டக்களப்பு வாவியையும் அதன் கரையில் வளர்ந்த அறிவு மரபையும் முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உவமை

வடக்கே பாலமீன்மடுவிலும் தெற்கே கல்லாற்றுப் பக்கத்திலும் கடலோடு கலக்கும் மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. கல்லடிப் பாலத்தின் அருகே நிலாக்காலத்து இரவுகளில் நீரினடியிலிருந்து இன்னொலி எழுவதாக மக்கள் நெடுங்காலமாகக் கூறிவந்துள்ளனர். 'பாடும் மீன்' என்னும் வழக்கும், 'மீன்பாடும் தேனாடு' என்னும் சிறப்புப் பெயரும் இதனின்றும் எழுந்தவையே.

இவ்வொலியை ஆங்கிலத்தில் விரிவாகப் பதிவு செய்தவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் ஆவார். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த அவர், 1848 இல் மட்டக்களப்புக்கு வந்து, இரவில் தோணியிற் சென்று ஒலியைத் தாமே கேட்டார். தோணியின் மரத்திற் காதை வைத்தபோது ஒலி மிகுந்து கேட்டதை 1859 இல் வெளியான தமது நூலிற் குறித்தார். ஊரி எனப்படும் சிறு நத்தையினமே ஒலிக்குக் காரணம் என மீனவர் அவருக்குக் கூறினர். ஒலியின் தன்மையை விளக்க முற்பட்ட அவர், ஈரவிரலால் விளிம்பு தேய்க்கப்பட்ட கண்ணாடிக் கிண்ணத்தின் அதிர்வுக்கு அதனை ஒப்பிட்டார். உவமை அழகியதே. ஆயினும், எத்தனை சுரங்கள், ஒவ்வொன்றின் மீடிறன் எவ்வளவு, அவை எவ்வளவு நேரம் நீடித்தன என்னும் வினாக்களுக்கு உவமை விடையிறுக்கமாட்டாது.

அவருடைய காலத்தில் வரைபுக் கலை உலகிற்குப் புதியதன்று. வில்லியம் பிளேபயர் என்னும் ஸ்கொத்லாந்தியர் 1786 இலேயே இங்கிலாந்தின் வணிகக் கணக்குகளைக் கோடுகளாக வரைந்து நூலாக வெளியிட்டிருந்தார். ஒலியையே கோடாக்கும் கருவிக்கு 1857 இல் எடுவார்ட் லெயோன் ஸ்கொட் பிரான்சில் உரிமம் பெற்றார். கரி படிந்த தாளில் ஒலியதிர்வு தன் தடத்தைத் தானே கீறுமாறு அமைந்தது அக்கருவி. ஆனால், ரெனன்ற் வாவியில் தோணியேறிய 1848 இல் அத்தகைய கருவி இருக்கவில்லை.

எண்

வாவி சூழ்ந்த நாட்டிலே ஒலியை எண்ணால் அளக்கும் பெருமுயற்சியை மேற்கொண்டவர் விபுலாநந்த அடிகளாவார். அன்று மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்ததும் 1961 முதல் அம்பாறை மாவட்டத்தில் அடங்குவதுமான காரைதீவில் 1892 இற் பிறந்த அடிகள், மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். அதே வேளை இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி. வாவியின் இன்னொலியை நீரர மகளிரின் இசையாகக் கற்பனை செய்து பாடிய அவரே, சிலப்பதிகார அரங்கேற்று காதையை அடிப்படையாகக் கொண்டு ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஆராய்ந்து யாழ்நூலை இயற்றினார். அந்நூல் 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார்.

பழந்தமிழ் இசைமரபு, குரல் முதல் தாரம் ஈறாகிய ஏழு நரம்புகளுக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என அலகுகளை வகுத்து, மொத்தம் 22 எனக் கொண்டது. அடிகள் இவ்வலகுகளைப் பௌதிகவியலின் விகிதங்களோடு இணைத்து, கணக்கை அட்டவணைகளாக நிரற்படுத்தினார். முடிவை மட்டும் கூறி அமையாது, முடிவுக்குச் சென்ற வழியையும் கற்போர் சரிபார்க்கத்தக்கதாக வைத்தமையே அந்நூலின் விஞ்ஞானப் பண்பு எனலாம்.

இவ்விடத்தில் வரைபின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். குரலுக்கும் இளிக்கும் உள்ள மீடிறன் விகிதம் 3/2, அலகு 13. விகிதங்கள் பெருக்கப்படுவன, அலகுகள் கூட்டப்படுவன. ஆதலின் இரண்டையும் ஒப்பிட மடக்கை வேண்டும். இரட்டிப்பை 22 சமபாகமாக்கி மடக்கை அச்சில் வைத்தால் 3/2 என்பது 12.87 ஆம் இடத்தில், 13 இற்கு மிக அண்மையில் அமையும். இசையியலார் 4, 3, 2 அலகுகளுக்கு வழங்கும் 9/8, 10/9, 16/15 என்னும் விகிதங்களோ முறையே 3.74, 3.34, 2.05 எனப் பெறப்படும். எனவே அலகு என்பது ஒரே அளவுள்ள துண்டன்று என்பது தெளிவாகின்றது. அட்டவணையிற் பல வரிகளைப் படித்து உய்த்துணர வேண்டிய இவ்வுண்மையை வரைபு ஒரே நோக்கில் உணர்த்திவிடும்.

கட்டளை

யாழ்நூல் அரங்கேறிய அதே 1947 இல், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தினர் பேச்சொலியைப் படமாக்கும் முறை பற்றிய நூலொன்றை வெளியிட்டனர். கிடையச்சில் நேரமும் நிலையச்சில் மீடிறனும் அமைய, ஒலியின் வலிமையைக் கருமையின் செறிவு காட்டும் படம் அது. அதனை வரைவதற்குத் தனிப்பொறி வேண்டியிருந்தது. 1965 இல் கூலி, ரூக்கி என்னும் இருவர் வெளியிட்ட விரைவுக் கணிப்பு முறை இந்நிலையை மாற்றியது. 1024 ஒலி மாதிரிகளை நேர்முறையிற் பகுத்தற்குப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பெருக்கல்கள் வேண்டும். புதுமுறையில் அது பத்தாயிரம் என்னும் அளவுக்குக் குறைந்தது. தனிப்பொறியின் பணியைக் கணினியே ஆற்றுதல் இதனால் எளிதாயிற்று.

எனினும் படம் வரைதல் இலகுவாக இருக்கவில்லை. 1957 இல் வெளிவந்த போட்ரான் மொழியில் எழுதுவோர், பேனா எப்புள்ளியில் இறங்குவது, எங்கே நகர்வது, எப்போது உயர்வது என ஒவ்வோர் அசைவையும் விதிக்க நேர்ந்தது. 1976 இல் பெல் ஆய்வுகூடத்தில் ஜோன் சேம்பர்சும் அவருடைய துணைவரும் உருவாக்கத் தொடங்கிய எஸ் என்னும் மொழி இதற்கு மாற்று வழி கண்டது. எண்களைப் படி, மடக்கைக்கு மாற்று, வரைபாக்கு என ஆய்வாளர் சிந்திக்கும் ஒழுங்கிலேயே ஒவ்வொரு வரியாகக் கட்டளையிட்டு, விளைவை உடனே கண்டு, அடுத்த கட்டளையைத் தீர்மானிக்க இயன்றது. 1986 இல் குனூபிளாட் என்னும் வரைபுக் கருவி இலவசமாக வழங்கப்பட்டது. நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்து றொஸ் இகாக்கா, றொபேட் ஜென்ரில்மன் ஆகியோர் எஸ் மொழியைத் தழுவி ஆர் என்னும் மொழியை அமைத்து, 1995 இல் எவரும் விலையின்றிப் பெற்றுத் திருத்தவும் பகிரவும் உரிமையளித்தனர். அதன் முதலாவது முழுமைப் பதிப்பு 2000 பெப்ரவரி 29 இல் வெளியாயிற்று.

வழியைக் காட்டும் படம்

கட்டளையால் வரைதலின் சிறப்பு விரைவில் மட்டும் தங்கியதன்று. கையால் வரைந்த படம் முடிவை மாத்திரம் காட்டும். எப்புள்ளி விடப்பட்டது, அச்சு எங்கே தொடங்கப்பட்டது என்பவற்றைச் சொல்லாது. அச்சின் தொடக்கத்தைச் சற்று உயர்த்தினாலே சிறு வேறுபாடு பெருமாற்றம் போலத் தோன்றும். கட்டளை வரிகளோ ஒவ்வொரு தெரிவையும் எழுத்தில் நிறுத்துவன. எண்களும் அவ்வரிகளும் கிடைப்பின், வேறொருவர் அதே படத்தை வரைந்து பிழையிருப்பின் சுட்டலாம். படம் வரைந்தவரின் சொல்லை நம்பவேண்டிய நிலை நீங்குகின்றது. யாழ்நூலின் அட்டவணைகள் கற்போருக்கு அளித்த உரிமையும் இதுவேயன்றோ?

மட்டக்களப்பைப் பொறுத்தவரை இதற்கு மேலும் ஒரு முக்கியத்துவம் உண்டு. 1978 நவம்பர் 23 இன் சூறாவளி, கால் நூற்றாண்டுப் போர், 2004 டிசம்பர் 26 இன் கடற்கோள் ஆகியவற்றைக் கண்ட நிலம் இது. தாளில் எழுதப்பட்டவை இங்கு எளிதில் அழியக்கூடியவை. 1981 இல் வந்தாறுமூலையிற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் வளர்ந்ததும் அவ்விடர்களின் நடுவிலேயே. சில பக்கங்களே கொண்ட கட்டளை வரிகளும் எண்களும் பல இடங்களிற் படியெடுத்து வைக்கத்தக்கவை. ஓரிடத்தில் வெள்ளம் புகினும் வேறோரிடத்தில் அறிவு எஞ்சும். மேலும், விலை கொடுத்து வாங்கவேண்டிய மென்பொருள்களை எட்டமுடியாத கூடங்களுக்கும் இம்மொழிகள் திறந்திருக்கின்றன. வாவியின் உவர்ப்பையும் நீர்மட்டத்தையும் ஒலியையும் பிறர் வரைந்து தரக் காத்திராது, அதன் கரையிலுள்ளோரே வரைந்து வாதிட இது வழிசெய்யும்.

ஒரு குறையையும் மறைத்தல் தகாது. இக்கட்டளைச் சொற்கள் ஆங்கிலம். ஆயினும் அவற்றுக்கிடையே எழுதப்படும் விளக்கக் குறிப்புகள் எம்மொழியிலும் அமையலாம். மீடிறன், மடக்கை, ஆள்கூறு எனத் தேவையான சொற்கள் தமிழில் ஏற்கெனவே உள. 1936 இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அதே விபுலாநந்த அடிகளே என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. கட்டளை வரி ஒவ்வொன்றன் மேலும் தமிழில் ஒரு விளக்க வரி எழுதப்படுமாயின், வரைபின் வழி தமிழ் மாணவர் யாவர்க்கும் தெளிவாகும்.

உவமையிற் தொடங்கி எண்ணிற் தெளிந்து கோட்டில் விளங்கிய ஒலியின் வரலாறு, இன்று யாவரும் படித்துச் சரிபார்க்கத்தக்க எழுத்தாக நிற்கின்றது. காண்பதை வரைவது மட்டுமன்றி, வரைந்த வழியையும் பிறர்முன் வைப்பதே அறிவு நேர்மை என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.