வாரிசு யார்?

மல்லாங்கிணறு போன்ற நம் ஊர்களில் குடும்பத் தலைவர் ஒருவர் கண்மூடினால், பதினாறாம் நாள் கழிந்த கையோடு வாரிசுச் சான்றிதழுக்கு மனு எழுதப்படுகிறது. மனைவி யார், மக்கள் யார் என்று கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்கிறார். கரிசல் காட்டின் ஓர் ஏக்கர் நிலத்திற்காகக் கேட்கப்படும் இதே கேள்வி, இந்தியக் குடும்பம் ஒன்றைக் குறித்து இலண்டன் பிரபுக்கள் சபையிலும் ஒருமுறை எழுந்தது.

வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்து ராய்ப்பூரில் பிறந்தவர் சத்யேந்திர பிரசன்ன சின்கா. வழக்கறிஞராகப் புகழ்பெற்ற இவர், 1909-இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இடம்பெற்ற முதல் இந்தியரானார். 1915-இல் பம்பாயில் கூடிய காங்கிரஸ் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். 1919-இல் ஆங்கிலேய அரசு இவருக்கு 'ராய்ப்பூரின் சின்கா பிரபு' என்னும் பரம்பரைப் பட்டத்தை வழங்கியது. இத்தகைய பட்டம் பெற்ற முதல் இந்தியர் இவரே. தந்தைக்குப்பின் சட்டப்படி பிறந்த ஆண்வாரிசுக்கு அது சேரும் என்பது மரபு.

1928-இல் சின்கா மறைந்தார். மூத்த மகன் அருண்குமார் பட்டத்திற்கு உரிமை கோரியபோது ஒரு தடை எழுந்தது. பெற்றோரின் திருமணம் 1880-இல் இந்து முறைப்படி நடந்தது. அக்காலத்து இந்துச் சட்டம் ஆண்மகன் பல மனைவியரைக் கொள்ள இடமளித்தது. சின்கா வேறொருத்தியை மணக்கவில்லை. எனினும் மணக்க உரிமையிருந்த திருமணத்தில் பிறந்தவர், ஆங்கிலச் சட்டத்தின் கண்ணில் வாரிசு ஆவாரா?

1939-இல் பிரபுக்கள் சபையின் உரிமைக் குழு விடை கண்டது. அருண்குமார் பிறப்பதற்கு முன்னரே பெற்றோர் சாதாரண பிரம்ம சமாஜத்தில் சேர்ந்திருந்தனர். அச்சமாஜம் ஒரு மனைவிக்கு மேல் அனுமதிப்பதில்லை. எனவே அவர் பிறந்த வேளையில் அது ஒருவனுக்கு ஒருத்தி என்னும் திருமணமாகவே இருந்தது என ஏற்று, பட்டம் அவருக்கே உரியதெனக் குழு முடிவு செய்தது.

இவ்விடத்தில் நம் நெஞ்சம் ஓரியூருக்குச் செல்கிறது. சேதுபதி மரபைச் சார்ந்த தடியத் தேவர் திருமுழுக்குப் பெற விழைந்தபோது, ஒரு மனைவியோடு மட்டும் வாழவேண்டும் என்றார் புனித அருளானந்தர். விலக்கப்பட்டவருள் ஒருவர் மன்னரின் உறவுப் பெண். அவரது முறையீட்டால் மூண்ட சினம், 1693 பிப்ரவரி 4-இல் அருளானந்தரின் உயிரைக் குடித்தது. அப்பெண்ணின் கண்ணீரையும் நாம் மறத்தலாகாது. பலதார மணத்தின் சுமை என்றும் பெண்ணின் தோளிலேயே விழுந்தது. லிஸ்பன் நகரின் உயர்குடியில் பிறந்து, அவ்வுரிமைகளைத் துறந்து வந்தவர் அருளானந்தர். ஒருவனுக்கு ஒருத்தி என்னும் அதே நெறி, ஓரியூரில் உயிரை விலையாகக் கேட்டது. இலண்டனிலோ ஒரு மகனுக்குப் பட்டத்தைத் தந்தது.

அப்பட்டம் பின்னர் என்னவாயிற்று? 1967-இல் அருண்குமார் மறைய, மகன் சுதீந்திரர்க்கும், 1989-இல் பேரன் சுசாந்தர்க்கும் சென்றது. 1992-இல் அவரும் மறைய, தந்தையின் தம்பி அனிந்தோவை அடைந்தது. 1999-இல் அவர் மகன் அருப்குமாருக்கு வந்தது. அதே ஆண்டில், பரம்பரைப் பிரபுக்கள் பிறப்புரிமையால் சபையில் அமரும் வழக்கத்தை ஆங்கிலேயச் சட்டமே முடித்துவைத்தது; 92 பேருக்கு மட்டும் அப்போது விலக்களித்தது. நம் அரசியல் சாசனத்தின் 18-ஆம் பிரிவோ 1950-லேயே பட்டங்களுக்கு விடைகொடுத்துவிட்டது.

பெயர் எஞ்சியது, இருக்கை போயிற்று. ஓரியூரில் சிந்திய இரத்தத்திற்கோ வாரிசுச் சான்றிதழ் எவரும் தருவதில்லை. ஆயினும் அம்மண்ணை நாடிச் செல்வோரின் கூட்டம் குறையவில்லை. நிலத்தையும் பட்டத்தையும் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம். ஒருவர்க்கொருவர் உண்மையாய் வாழ்ந்த இல்லறத்தை எழுதிவைக்க இயலாது, வாழ்ந்தே காட்டவேண்டும். நம் பிள்ளைகள் எதற்கு வாரிசுகள்? சிந்திப்போம்.