'குழுவினர்' உண்டு, 'கும்பலினர்' ஏன் இல்ல? கூட்டத்துக்கு நாம வைக்கிற பேர்களின் கதை!

பெரம்பலூர் பக்கத்துல இருக்கிற சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில், வழக்கமா திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். அந்த நாள்கள்ல பஸ்ல ஏறப்போனா, "ஒரே கும்பலா இருக்கு, அடுத்த வண்டியில வாங்க"ம்பாங்க. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. அதே ஆட்களை மறுநாள் செய்தியில 'கும்பல்'னு எழுதிப் பாருங்க, சண்டைக்கே வந்துடுவாங்க!

சொல் ஒண்ணுதான். கும்பல்னா குவியல், திரள். பேச்சுல இன்னிக்கும் அதே அர்த்தம்தான். செய்தியில வந்தா மட்டும் அதோட கையில கத்தி முளைச்சுடுது.

ஸ்கூல்ல 'கூட்டப்பெயர்'னு படிச்சிருப்போம். ஆட்டுமந்தை, சாவிக்கொத்து, வைக்கோற்போர். ஜெயங்கொண்டம் பக்கம்னா முந்திரிக்காட்டையும் சேர்த்துக்கலாம். இதுல எந்தச் சிக்கலும் இல்ல, சாவி வந்து சண்டை போடாது. மனுஷங்களைக் கூட்டமா சொல்லும்போதுதான் பிரச்னையே.

தனித்தனியா பத்து பேர் 'வந்தார்கள்'. அவங்களே சேர்ந்துட்டா, கூட்டம் 'வந்தது'. ஒண்ணா நின்னதும் உயர்திணை அஃறிணை ஆயிடுது! இது புதுசு இல்ல. குழு, அரசு, விருந்து, குழவி மாதிரியான சொற்கள் ஆட்களைக் குறிச்சாலும் அஃறிணையா முடியும்னு தொல்காப்பியத்தின் கிளவியாக்கமே பட்டியல் போடுது. 'அரசு அறிவித்தது', 'குழந்தை அழுதது'னு நாம எழுதுறதும் இந்த வழக்குலதான்.

இந்த அஃறிணையில இருந்து ஆட்களை வெளிய கொண்டுவர ஒரு சின்ன விகுதி போதும். குழு வந்தது, ஆனா குழுவினர் வந்தனர். படையினர், குடும்பத்தினர், காவல்துறையினர், ஊரார், வீட்டார்... எல்லாமே இந்த வகைதான். சரி, 'கும்பலினர்'னு எங்கேயாவது படிச்சிருக்கீங்களா? நான் படிச்சதில்ல. கும்பல் எப்பவும் 'தாக்கியது', 'தப்பியது'. மரியாதை போகாத சொல்லுக்கு விகுதியும் போகல.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல, குடிதண்ணி கேட்டு ரோட்டுல உட்கார்ந்த பெண்களை 'கும்பல்'னு டைப் பண்ணியிருக்கேன். டெஸ்க்ல சீனியர் ஒருத்தர் சத்தமில்லாம 'பொதுமக்கள்'னு மாத்தினார். சைஸ் கம்மியா இருக்கேன்னுதான் அந்தச் சொல்லைப் போட்டேன்னு சமாளிச்சேன். உண்மையில யோசிக்கவே இல்ல. கும்பல்னு படிக்கிறவங்களுக்கு அந்தப் பெண்கள் கையில இருந்த காலிக்குடம் கண்ணுக்குத் தெரியாது.

கூட்டம் தன்னைத்தானே எப்படிச் சொல்லிக்குதுங்கிறது தனிக்கதை. அரியலூர் மாவட்டத்துல இருக்கிற கங்கைகொண்ட சோழபுரம், 11-ம் நூற்றாண்டுல ராஜேந்திர சோழன் உருவாக்கின தலைநகர். அந்தக் காலத்துக் கல்வெட்டுகள்ல ஊர் ஆட்கள் சேர்ந்து முடிவெடுத்தா 'ஊரோம்', 'சபையோம்', 'நாட்டோம்', 'நகரத்தோம்'னு கையெழுத்து மாதிரி வரும். பிராமணர் ஊர்னா சபை, வேளாண் ஊர்னா 'ஊர்', வணிகர் ஊர்னா நகரம், பல ஊர் சேர்ந்தா நாடு. அந்தக் கடைசி 'ஓம்'தான் விஷயம். 'ஊராகிய நாங்க'ன்னு அர்த்தம். என்ன, அந்த 'நாங்க'ளுக்குள்ள இருந்தது பெரும்பாலும் நிலம் வெச்சிருந்த ஆண்கள்தான். வயல்ல இறங்கினவங்களுக்கு அதுல இடம் இல்ல.

ஒரே சொல்லுக்கு ரெண்டு முகம் இருக்கிறது கும்பலுக்கு மட்டும் இல்ல. பெருமாள் கோயில்ல பிரபந்தம் பாடுறவங்க 'கோஷ்டி'. அங்கே அது மரியாதை. கட்சி ஆபீஸ் வாசல்ல சேர் பறந்தா அதுவும் 'கோஷ்டி'தான்!

நம்ம ஊர் காதுகுத்து ஃபிளெக்ஸ்ல பார்க்கிற 'வகையறா' இன்னும் சுவாரஸ்யம். அரபியில இருந்து உருது வழியா வந்த சொல், 'முதலியன', 'மற்றவை'ன்னுதான் பொருள். தாத்தா பேரைப் பெருசா போட்டு, கீழே நாற்பது பங்காளி போட்டோவையும் அடுக்கி, மொத்தப் பேரும் பெருமையா 'முதலியன'வா நிக்கிறாங்க.